உறுமலும் மூன்றாவது பின்னும்

சென்னையின் ரிச்சி தெரு, மும்பையின் லேமிங்டன் சாலை, டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட் என்று அலைந்து உதிரிபாகங்கள் வாங்கி, வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சர்க்யூட் சரியாக இருக்கும். ஐ.சி. புதிதாக இருக்கும். ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்துவிடும். பல சமயம் காரணம், ஷீல்டு வயரின் செம்பு வலையை எங்கே இணைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

மைக் தரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதற்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைபாய்கிறது. அதன் மின்புலம் உள்கம்பியை எட்டாமல் தடுத்து கிரவுண்டுக்கு வடித்துவிடுவது வலையின் வேலை. வலையை எங்கும் இணைக்காமல் தொங்கவிட்டால் வடிவதற்கு வழி இல்லை. வாங்கியதை உள்கம்பிக்கே கொடுத்துவிடும்.

அப்படியானால் இரண்டு முனையிலும் பற்றவைத்துவிட்டால் போதுமா? இங்கேதான் பலர் இடறுகிறார்கள். வால்யூம் கண்ட்ரோலிலிருந்து போர்டுக்கு ஏற்கெனவே ஒரு கிரவுண்டு கம்பி போகிறது என்று வைத்துக்கொள்வோம். வலையையும் இரு முனையில் சேர்த்தால் ஒரு வளையம் உருவாகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அந்த வளையத்தில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. மெல்லிய செம்பு வலையால் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்க முடியாது. தூண்டப்பட்ட மின்சாரம் சிக்னலோடு சேர்ந்து உறுமுகிறது.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: சிக்னல் திரும்பிப் போக ஒரே ஒரு பாதை இருக்க வேண்டும். தனிக் கம்பி இருந்தால் வலையை ஒரு முனையில் மட்டும் இணைக்கலாம். வலையே திரும்பும் பாதையாக இருந்தால் இரு முனையிலும் இணைத்தாக வேண்டும். டேப் ரெக்கார்டர், டி.வி.டி. பிளேயரிலிருந்து வரும் சாதாரண ஆடியோ கேபிள் இரண்டாவது ரகம். 'ஒரு முனை போதும்' என்று எங்கோ படித்துவிட்டு அதன் வலையை வெட்டினால் உறுமல் கூடத்தான் செய்யும்.

இந்த விதி ஆடியோ அலைவரிசைக்குத்தான் பொருந்தும். எஃப்.எம். வானொலியின் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அந்த நிலையில் ஒரு முனை தொங்கும் வலை ஆன்டெனாவாகிவிடுகிறது. மூன்று பின் கொண்ட தொழில்முறை மைக் கேபிளில் வலையை உட்புற கிரவுண்டில் இணைப்பதே இரைச்சலை உள்ளே கொண்டுவருகிறது என்று 1995 ஜூனில் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழில் நீல் மன்சி விளக்கினார். கேபிள் நுழையும் இடத்திலேயே வலையைப் பெட்டியின் உலோகத்தில் நேரடியாக இணைக்க வேண்டும் என்று அந்த அமைப்பின் ஏ.இ.எஸ். 48 தரநிர்ணயம் 2005இல் வகுத்தது.

உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. கேபிளைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டை ஷார்ட் செய்து பார்க்கலாம். சத்தம் நின்றால் கோளாறு கேபிளிலோ மறுபக்கத்துச் சாதனத்திலோ இருக்கிறது. நிற்காவிட்டால் பெட்டிக்குள் இருக்கிறது. அப்போது சற்று உயர்ந்த சுருதியில், 100 ஹெர்ட்ஸாகக் கேட்டால் பவர் சப்ளையின் ஃபில்டர் கன்டென்சரைச் சந்தேகிக்கலாம்.

கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும்போது இன்னொரு வளையம் முளைக்கிறது. இரண்டின் எர்த் பின்களும் சுவருக்குள் சேர்ந்திருக்கின்றன. ஆடியோ கேபிளின் வலையும் அவற்றைச் சேர்க்கிறது. அனுபவஸ்தர்கள் சொல்லும் குறுக்குவழி, பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றிவிடுவது. உறுமல் உடனே நிற்கும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

நம் பிளக்குகளில் எர்த் பின் மட்டும் தடித்து, நீண்டு இருப்பதற்குக் காரணம் உண்டு. அதுதான் முதலில் தொட வேண்டும், கடைசியில் விலக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் கெட்டு 230 வோல்ட் பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் அதே மின்சாரம் ஷீல்டு வலை வழியாக, பாடுகிறவர் உதட்டோடு வைத்திருக்கும் மைக்கின் உலோக உடலுக்கே போகும்.

1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் தி குரோஸ் இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதம், எர்த் சரியில்லாத கிதாரை வாசித்தபோது சொந்த வீட்டில் மாண்டார்.

பின்னைத் தொடாமலே உறுமலை அடக்க வழிகள் உண்டு. இரு சாதனங்களையும் ஒரே பிளக் போர்டில் செருகலாம். நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். பெட்டியின் உலோகத்தை எர்த்தோடு நேரடியாக இணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் கிரவுண்டைப் பெட்டியோடு 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரே இடத்தில் சேர்க்கலாம். முதலில், சுவரில் இருக்கும் மூன்றாவது துளைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் கம்பி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துக்கொள்வது நல்லது.