முதுகுப்பையைக் கடைசியா வாங்குங்கோ

மலை ஏறவேண்டும் என்று ஆசை வந்ததும் எங்கட ஆக்கள் முதலில் செய்கிற வேலை பை தேடுவது. யூடியூப்பில் நாலு வீடியோ பார்ப்பது, அதில் காட்டுகிற பையின் டொலர் விலையை ரூபாவுக்கு மாற்றிப் பார்ப்பது, பிறகு “இதெல்லாம் காசுக்காரற்ற விளையாட்டு” என்று போனை வைத்துவிடுவது. பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்த வீடியோக்கள் வரிசையைத் தலைகீழாகச் சொல்லித் தருகின்றன என்கிறோம் நாங்கள். பை கடைசியாக வாங்குகிற சாமான்.

1955 இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். அப்போது அவருக்கு வயது 67, பதினொரு பிள்ளைகளின் தாய். தோளில் தொங்கியது அவரே தைத்த துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. நீங்களும் அப்படியே போங்கோ என்று சொல்ல வரவில்லை. உள்ளே போன சாமான் கொஞ்சம் என்பதால் அவருக்கு அந்தப் பை போதுமாக இருந்தது. இந்தக் கணக்கைத்தான் விற்கிறவர்கள் சொல்வதில்லை.

ஆகவே கொண்டுபோக நினைக்கிற எல்லாவற்றையும் முதலில் நிலத்தில் பரப்புங்கோ. பாதியைத் திருப்பி அலுமாரிக்குள் வையுங்கோ. மிச்சத்தை நிறுங்கோ. உங்கட உடம்பு நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 50 கிலோ ஆளுக்கு 10 கிலோ, அதுவும் தண்ணீரோடு சேர்த்து. எத்தனை லீற்றர் பை என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு இரவு ஏறி விடிய இறங்க ஒரு சுவெற்றர், தண்ணிப் போத்தல், டோர்ச், கொஞ்சம் சாப்பாடு. பள்ளிக்கூடப் பை தாராளம். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாகப் போகிற பீக்கோ ட்ரெயிலில் இரவுக்கு விடுதிகளில் தங்கலாம், 30 லீற்றர் போதும். கூடாரமும் சமையல் சட்டியும் தூக்கிக்கொண்டு நக்கிள்ஸ் பக்கம் போனால்தான் 45, 50 லீற்றர். 65 லீற்றர் வாங்கினால் 65 லீற்றரும் நிரம்பும். பையில் வெற்றிடம் கண்டால் எங்கட அம்மாமாருக்குப் பொறுக்காது!

மறுபக்கம், “எந்தப் பையும் பைதானே” என்கிறவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. புறக்கோட்டையில் தொங்குகிற, பெரிய கம்பனிப் பெயர் தைத்த போலிப் பைகளிலும் இடுப்புப் பட்டி இருக்கும். ஆனால் பல பைகளில் அது வெறும் நாடா. பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க இரண்டு விசயம் வேண்டும்: முதுகுப் பக்கத்தில் வளையாத தகடு அல்லது கம்பி, இடுப்பெலும்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற தடித்த பட்டி. இவை இருக்கிற பெயர் தெரியாத பை, இவை இல்லாத பெயர் பெற்ற பையைவிட எவ்வளவோ மேல்.

நாள் முழுக்கப் பாரம் கழுத்திலும் தோளிலும் கிடந்தால் என்னாகும் என்று தெரியவேண்டுமா? தோட்டங்களில் கேளுங்கோ. மலைப்பாதையில் எதிரே வாற கொழுந்தெடுக்கிற அக்காமார் பாரத்தைத் தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கவிட்டுத்தான் தூக்குகிறார்கள். அதை “அழகான காட்சி” என்று படமெடுத்துப் போடுகிற எங்களுக்கு, எங்கட தோளுக்கு மட்டும் பஞ்சுப் பட்டி தேவைப்படுகிறது. அதையும் கொஞ்சம் யோசிப்பம்.

கடைக்குப் போகமுதல் முதுகை அளவுங்கோ. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை. உயரமான ஆளுக்கும் முதுகு கட்டையாக இருக்கலாம். பெண்பிள்ளைகள் கூடக் கவனம்: “லேடீஸ் பாக்” என்று எடுத்துத் தருவது பல நேரம் நிறம் மாறிய அதே பைதான். தோள்பட்டியை முதுகு நீளத்துக்கு ஏற்ற ஏற்றி இறக்கக்கூடிய பையாகக் கேளுங்கோ. வெறும் பையைப் போட்டுக் கண்ணாடி பார்ப்பதில் பிரயோசனமில்லை. ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தல் ஐந்து கொண்டுபோங்கோ, ஏழரைக் கிலோ. உள்ளே வைத்து, இடுப்புப் பட்டியை முதலில் இறுக்கி, கடைக்குள் கால் மணித்தியாலம் நடவுங்கோ. முதலாளி முறைத்தால் முறைக்கட்டும்.

றெயின் கவருக்குத் தனியாகக் காசு கொட்டாதீங்கோ. பைக்குள் ஒரு தடித்த குப்பைப் பை விரித்தால் உடுப்பு நனையாது. ஆமிக்காரற்ற உடுப்பு நிறத்தில் பை மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீங்கோ, ஏனென்று எங்கட ஊர்களில் விளக்கத் தேவையில்லை.

எங்கட வீடுகளில் பெரிய பை என்றால் அம்மா அப்பாவுக்கு இடப்பெயர்வும் சோதனைச்சாவடியும்தான் ஞாபகம் வரும். வீட்டில் சந்தோசத்துக்காகப் பை தூக்கி நடக்கிற முதல் தலைமுறை எங்களில் பலர். அந்த நடையை ஒரு விலைச்சீட்டு மறிக்க விடக்கூடாது. பை வைத்திருக்கிறவர்களே, வருசத்தில் எத்தனை நாள் அதைப் பாவிக்கிறீர்கள்? மிச்ச நாளெல்லாம் அலுமாரிக்கு மேலே தூசிதானே. கேட்கிற ஆளுக்குக் குடுங்கோ. கேட்க வெட்கப்படுகிறவர்கள் வெட்கத்தை விட்டுக் கேளுங்கோ. முதல் நடை இரவல் பையோடு போகட்டும். எந்த இடத்தில் தோள் நொந்தது, எந்த இடத்தில் இடுப்பு உரஞ்சியது என்று தெரிந்த பிறகு காசைக் கையில் எடுக்கலாம்.