தலைமாட்டில் நிற்பவர் யார்?

அறுவைச் சிகிச்சை வெற்றி என்றால் கத்தி பிடித்த டாக்டருக்கு மாலை விழுகிறது. விழட்டும், மறுக்கவில்லை நாம். ஆனால், நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் காத்தாரே மயக்க மருத்துவர், அவர் பெயரை யார் கேட்கிறார்கள்?

மயக்கம் கொடுப்பது வெறுமனே ஊசி போட்டுத் தூங்க வைக்கும் வேலையல்ல. தசைகளைத் தளர்த்தும் மருந்து மூச்சையும் நிறுத்திவிடும். அப்போது தொண்டையில் குழாய் செலுத்தி, நோயாளிக்கு மூச்சுக் கொடுப்பவர் அவரே. சில நிமிடம் பிராணவாயு தடைப்பட்டால் மூளை கெட்டுவிடும். ஆகவேதான் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, அதன்மேல் எம்.டி. மூன்று ஆண்டு என்று விதி வகுத்திருக்கிறார்கள்.

ஆனால், இப்படிப் படித்தவர்கள் பட்டணத்தில் குவிகிறார்கள். பட்டிக்காட்டுத் தாய் பிரசவ வேதனையில் துடிக்கிறாள். மயக்கம் கொடுக்க ஆளில்லை, வண்டியில் ஏற்று என்கிறார்கள். பணக்காரன் நர்சிங் ஹோமுக்குப் போவான். கூலிக்காரன் எங்கே போவான்?

இதற்காகத்தான் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி தந்து, அவசரப் பேறுகாலச் சிகிச்சையில் மயக்கம் கொடுக்க வைக்கும் திட்டம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால், 18 வாரம் மூன்றாண்டுக்கு ஈடாகுமா?

"அமெரிக்காவில் நர்சுகளே கொடுக்கவில்லையா?" என்பார்கள் சிலர். கொடுக்கிறார்கள். எப்படிப்பட்ட நர்சுகள்? பட்டம் பெற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு உழைத்து, பிறகு தனிப் படிப்பும் தேர்வும் முடித்தவர்கள். 2022 முதல் அப்படிப்பில் சேருவோர் டாக்டர் பட்டமே பெற வேண்டும். பொறுப்பு ஏற ஏறப் படிப்பும் ஏறியிருக்கிறது, குறையவில்லை!

இன்னொருவரையும் மறக்கலாகாது. இயந்திரத்தில் கசிவு உண்டா, சிலிண்டரில் வாயு உண்டா என்று சோதித்து, குழாய்களை எடுத்துத் தரும் டெக்னீஷியன் நம்மைப் போன்ற உழைப்பாளி. அவருக்கும் படிப்புத் தகுதியும் பதிவேடும் வேண்டும் என்று 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. டாக்டர் இல்லாத குறைக்கு அவர் தலையில் மருந்து கொடுக்கும் வேலையைக் கட்டுவது அவருக்கும் கேடு, நோயாளிக்கும் கேடு.

நாம் கேட்பது இவைதாம்: தாலுகா ஆஸ்பத்திரிதோறும் முழுப் படிப்புப் படித்த மயக்க மருத்துவர்; அறுவை அரங்குதோறும் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்; அவருக்கு நிரந்தர வேலை, நியாயமான சம்பளம்.

பணக்காரன் உயிருக்கு முழுப் படிப்பு, ஏழை உயிருக்கு அரைப் படிப்பு என்னும் அநீதி ஒழியட்டும்!