பெற்றவளுக்கு அலங்காரம் ஏன் என்போருக்கு

பிள்ளை பெற்றவளுக்கு இனி என்ன மினுக்கு வேண்டிக் கிடக்கிறது என்னும் பேச்சு நம் இல்லங்களுக்குப் புதிதன்று. மாமியார் சொல்வார், நாத்தனார் சொல்வார், சில வேளை பெற்ற உம்மாவே சொல்வார். வாய் சொல்லாத வீடுகளில் பார்வை சொல்லிவிடும். நாற்பது கழித்துத் தலைமுழுகி, கண்ணுக்குச் சுருமா இட்டு, கல்யாணத்திற்கு எடுத்த புடவைகளுள் ஒன்றை உடுத்தி விருந்துக்கு வரும் இளந்தாயிடம், கூடியிருப்போர் முதலில் பார்ப்பது மடியிலுள்ள மழலையையா, புடவையின் கரையையா என்பதை வாசகர் அறிவர். வாராத தலையும் பால் கறை படிந்த உடையுமாக வருபவளோ, பிள்ளையே கதியென்று கிடக்கிறாள் என்று பாராட்டுப் பெறுகிறாள். இந்தப் பாராட்டையே நாம் கண்டிக்கப் புகுந்தோம்.

இவ்வழக்கத்திற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்போர் உளர். அவர்கள் சுபைஆ (ரலி) அவர்களின் வரலாற்றைப் படித்ததுண்டா என்று கேட்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி அது. பத்ருப் போரில் பங்குகொண்ட ஸஅது இப்னு கவ்லா (ரலி) அவர்களின் மனைவியார் அவர். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போது கணவர் மக்காவில் மரித்தார். அப்போது சுபைஆ கருவுற்றிருந்தார். சில நாள்களில் பிள்ளை பிறந்தது. பேறுகாலத் தீட்டு நீங்கியதும், மணம் பேச வருவோருக்காகத் தம்மை அழகுபடுத்திக்கொண்டு அமர்ந்தார். அபுஸ் ஸனாபில் (ரலி) வந்து பார்த்தார். நான்கு மாதமும் பத்து நாளும் கழியாமல் இதென்ன அலங்காரம், மறுமணம் விரும்புகிறாயோ என்று கடிந்துகொண்டார். அவரே அப்பெண்மணியை மணம் பேசி மறுக்கப்பட்டவர் என்று ஓர் அறிவிப்பில் வருவதை இங்கே ஓரமாகக் குறித்து வைப்போம்.

நம் ஊராயிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அந்த அம்மை மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சி அலங்காரத்தைக் கலைத்ததாகவும் செய்தி இல்லை. மாலையானதும் மேலாடைகளைச் சேர்த்து உடுத்திக்கொண்டு நேரே பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று கேட்டார். பிள்ளை பிறந்தபோதே உன் இத்தா முடிந்தது, விரும்பினால் மணம் செய்துகொள்ளலாம் என்னும் கருத்துப்படத் தீர்ப்புக் கிடைத்தது. கணவரை இழந்தவர், கைக்குழந்தைக்காரி, ஒருவர் தம் தோற்றத்தைக் குறைகூறக் கேட்டவர். அந்த நிலையில் அவர் கொண்டிருந்த நெஞ்சுறுதியை நம் பெண்மக்களுக்கு எந்த மதரஸாவில் கற்பித்தோம்? கற்பிக்காதது போகட்டும், கணவன் வெளிநாட்டிலிருக்கும் இளந்தாய் நல்ல உடை உடுத்தினால், யார் பார்க்க என்று கேட்கும் நாவை அடக்கவேனும் கற்றோமா?

இன்னொன்று. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை, பால்குடி ஈராண்டு என்பதற்காக மட்டுமே நம்மவர் நினைவில் வைத்திருக்கின்றனர். அதே வசனம் தாய்மாரின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. உணவோடு நிறுத்தாமல் உடையையும் பெயர் சுட்டிச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். மணவிலக்குப் பெற்ற தாயைக் குறித்ததே அது என்பர் விரிவுரையாளருள் சிலர். அப்படியே கொள்வோம். பிரிந்து போனவளுக்கே முறைப்படி உடை தரக் கடன்பட்டவன், வீட்டிலிருந்து தன் பிள்ளைக்குப் பாலூட்டுபவளுக்கு எவ்வளவு கடன்பட்டவன்? பெருநாளைக்குப் பெருநாள் தனக்கு இரண்டு சட்டை தைத்துக்கொண்டு, பிள்ளைக்கு மூன்று உடுப்பு வாங்கி, அவளுக்குத்தான் போன வருடம் எடுத்தோமே என்று கணக்குச் சொல்லும் கணவன்மாரை நோக்கியே இதைக் கேட்கிறோம்.

தாய்மை பெண்ணின் தோற்றத்தை மாற்றுவது உண்மை. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது. வயிறு அடங்க அதனினும் நெடுநாள் செல்லும். பிள்ளை பிறந்த சில மாதங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. பழைய ரவிக்கை சேராது. கண்ணாடியில் தெரிபவள் யாரோ போலிருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டியது அளவான புது ரவிக்கை. நாம் கொடுப்பதோ, தாயாகிவிட்டாய், இனி இதெல்லாம் எதற்கு என்னும் உபதேசம்.

ஆயினும் மாற்றம் முழுதும் இழப்பன்று. பிள்ளையின் கைக்கு எட்டும் ஜிமிக்கியைக் கழற்றித் தோடு அணிகிறாள். பிஞ்சு உடம்பில் கீறும் என்று கண்ணாடி வளையலை ஒதுக்குகிறாள். ஊக்குகளைக் குறைக்கிறாள். பட்டைவிட, அடிக்கடி துவைக்கத்தக்க சுங்குடியைத் தேர்கிறாள். பாலூட்ட முன்பக்கம் திறப்பு வைத்துத் தைக்கச் சொல்கிறாள். இவை யாவும் தேர்வுகள். மணமாகும் நாள்வரை உம்மாவும் மாமியும் எடுத்துத் தந்ததை உடுத்தியிருந்த பெண், தனக்கு எது பொருந்தும் என்று தானே தீர்மானிக்கத் தொடங்கும் காலம் இது. அந்தத் தீர்மானத்தில் ஒரு தெளிவும் மிடுக்கும் இருப்பதைக் காணக் கண் வேண்டும். வீட்டில் நைட்டி அணிவதை ஏளனம் செய்யும் கூட்டத்தில் நாம் சேரவில்லை. பாலூட்டுபவளுக்கும் அடுப்படியில் நிற்பவளுக்கும் அது வசதியான உடைதான். விரும்பி அணிவது வேறு. அதைத் தவிர உனக்கு வேறென்ன வேண்டும் என்று அதற்குள் அவளை அடைத்துவைப்பது வேறு.

இதில் உயிர்ச்சிக்கலும் உண்டு. பிள்ளை பெற்ற பெண்களுள் உலக அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேருக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, நேர்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் நாடுகளில் அது 20ஐ நெருங்குகிறது. தன்னைப் பேணுவதில் நாட்டம் அற்றுப்போதலும் அந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. குளிக்க மனமில்லை, தலைவார மனமில்லை, நல்லது உடுத்த மனமில்லை என்று ஓர் இளந்தாய் கிடப்பாளானால், அது தியாகமாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். விசாரிக்க வேண்டிய இடத்தில் நாம் பாராட்டிவிட்டுப் போகிறோம்.

ஸல்மான் (ரலி) அவர்கள் பாராட்டவில்லை, விசாரித்தார். தம் சகோதரர் அபுத் தர்தா (ரலி) இல்லத்திற்குச் சென்றவர், உம்முத் தர்தா அவர்கள் அழகற்ற பழைய உடையில் இருக்கக் கண்டு காரணம் கேட்டார். உம் சகோதரருக்கு உலகத் தேவை எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஸல்மான் அந்த அம்மையைத் திருத்தப் புறப்படவில்லை, கணவரைத் திருத்தினார். இறைவனுக்குரிய உரிமை போலவே உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமை உண்டென்று எடுத்துரைத்தார். ஸல்மான் சொன்னது உண்மையே எனப் பெருமானார் (ஸல்) அவர்களும் ஏற்றார்கள். ஒரு பெண்ணின் கசங்கிய உடையில் அவள் கணவனின் கடமைத் தவறைப் படித்த கண் அது. நமக்கு அந்தக் கண் எங்கே போயிற்று?

அலங்காரத்திற்கு இடங்கொடுத்தால் நாணம் போய்விடும் என்பார்க்கு ஒரு சொல். அந்நியர் முன் எதை மறைப்பது என்பதற்கு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லை கன்னிக்கும் தாய்க்கும் ஒன்றே. பிள்ளை பெற்றதும் புதிதாக ஒரு தடை முளைப்பதாக எந்த நூலில் கண்டீர்கள்? மறுபுறம், கைப்பேசித் திரையில் நடிகையர் படங்களைக் காட்டி, பிள்ளை பெற்ற சில வாரங்களில் பழைய இடுப்பு வந்துவிட வேண்டும் என்று களிம்பும் கச்சையும் விற்கும் வணிகரும் நம் கண்டனத்திற்கு உரியவரே. மாமியார் அவளை மறைந்துபோ என்கிறார். வணிகர் பழையவளாகவே இரு என்கிறார். இப்போது இருக்கும் அவளை இருவருக்கும் பிடிக்கவில்லை.

உம்மு ஸலமா (ரலி) அன்னை, முதற் கணவரின் பிள்ளைகளோடு நபி இல்லம் புகுந்தவர். ஒருநாள் பணிப்பெண் தலைவாரிக்கொண்டிருக்கையில், மக்களே என்று மிம்பரிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் அழைத்தது காதில் விழுந்தது. எழ முனைந்தார். அழைப்பு ஆண்களுக்குத்தானே என்றாள் பணிப்பெண். தாமும் மக்களில் ஒருவரே என்று அன்னை மறுமொழி தந்தார். ஹுதைபியாவில், ஹிஜ்ரி 6இல், தோழர்கள் மனமுடைந்து பலியிட எழாதிருந்தபோது, யாரிடமும் பேசாமல் முதலில் தாங்களே சென்று பலியிட்டுத் தலைமழியுங்கள் என்று ஆலோசனை சொன்னவரும் அவரே. சொன்னபடி செய்ததும் தோழர்கள் எழுந்தார்கள். தலைவாரிக்கொள்ளும் தாய்க்கு அறிவு சிறுத்துவிடும் என்போர் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு கேள்வி உண்டு. இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கல்யாண மஹால் எழுப்புகிறீர்கள், குளிரூட்டி வைக்கிறீர்கள், மணமேடைக்குச் சரவிளக்குத் தொங்கவிடுகிறீர்கள். பாலூட்டும் தாய் கதவடைத்து அமர ஓர் அறை, அவ்வறையில் ஒரு நாற்காலி, தண்ணீர்க் குழாய், முகம் பார்க்க ஒரு கண்ணாடி, இவை எத்தனை மஹால்களில் இருக்கின்றன? நல்ல புடவை உடுத்தி வந்த பாவத்திற்கு, பிள்ளை பசித்து அழும்போது சாமான் அறையின் அண்டாக்களுக்கிடையே அவள் இடந்தேடுகிறாள். அடுத்த விருந்துக்கு நைட்டியின் மேல் துப்பட்டி போர்த்து வருகிறாள். அதற்கடுத்த விருந்துக்கு வருவதே இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால், கைப்பிள்ளைக்காரி, அவளுக்கு எதிலும் நாட்டமில்லை என்று அவள் வீட்டாரே பதில் சொல்லிவிடுகின்றனர்.