ஏட்டில் ஏறாத உழைப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியாகத் தெற்கே செல்வோர் ஆனையிறவை அடைந்ததும், பரந்த களப்பு நீரையும், அதன் அருகே சதுரம் சதுரமாக வகுக்கப்பட்ட உப்புப் பாத்திகளையும் காண்பர். குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் இவ்வொடுங்கிய வழியைப் பலர் போர்க்களமாகவே அறிவர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இங்கு நிகழ்ந்த சமர்களை வரலாறு குறித்து வைத்துள்ளது. ஆயின், இதே மண்ணில் வெயிலோடு போராடிய ஆண்களும் பெண்களும் செய்த தொழில் யாது என்று கேட்பவர் சிலரே. இவ்வாரம் அதனைச் சிறிது சிந்திப்போம்.

உப்பு விளைவித்தல் பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்களே உண்டு. அந்நீரைத் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றச் செய்து, பத்திலொரு பங்காகச் சுண்டும்வரை காத்திருந்தாற்றான் கறியுப்புப் படியத் தொடங்கும். அதற்கு முன்னரே சுண்ணாம்புப் பொருள்கள் அடியிற் படிந்துவிடுமாதலால், தக்க தருணத்தில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்ற வேண்டும். உப்பு விளைந்தபின் எஞ்சும் நீரை வெளியேற்றாவிடின் உப்புக் கசக்கும். மாரி முந்திவிட்டாலோ பட்ட பாடெல்லாம் கரைந்து போகும்.

தமிழர் வாழும் கரையோர உப்பளங்களில் இவ்வேலை இரண்டாகப் பிரிந்தே நடந்து வந்துள்ளது. வரம்பு கட்டுதல், பாத்தி மிதித்தல், பலகையால் உப்பை வாருதல் ஆகியவை பெரும்பாலும் ஆண்களுக்கு. வாரிய உப்பை அள்ளித் தலையிற் சுமந்து அம்பாரமாகக் குவித்தல் பெண்களுக்கு. தூத்துக்குடியிலும் இவ்வழக்கைக் காணலாம். பாத்தியின் பக்குவம் அறிந்தவனைத் தொழில் தெரிந்தவன் என்கிறோம். உப்பு நீர் கழுத்தில் வழிய, பாதம் வெடிக்க, நாள் முழுதும் சுமந்தவளைக் கூலிக்காரி என்று மட்டும் சொல்லி விடுகிறோம். சுமப்பவள் இல்லையேல் விளைந்த உப்பு பாத்தியிலேயே கிடக்குமன்றோ?

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் பகுதியிலே டிராய்ட்விச் என்னும் பழைய உப்பூர் ஒன்று உண்டு. அங்கே வெயிலை நம்புவதில்லை. நிலத்தடியிலிருந்து பெற்ற உவர்நீரைப் பெரிய தட்டங்களில் ஊற்றி, நெருப்பிட்டுக் காய்ச்சினர். அந்த வெக்கையில் பெண்களும் ஆண்களோடு உழைத்தனர். அவ்வூருக்கு அண்மையிலுள்ள ஸ்டோக் பிரையரில் பெரும் உப்பாலை நடத்திய ஜோன் கோர்பெட் என்பவர், 1859ஆம் ஆண்டில் தம் ஆலையிலே பெண்கள் வேலை செய்வதை நிறுத்தினார். அவர் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், வேலை கொடிதாயின் வேலையைத் திருத்துவது ஒரு வழி. வேலை செய்தவளை நீக்குவது மற்றொரு வழி. பின்னையதில் அவள் துன்பத்தோடு அவள் கைக்கு வந்த காசும் நின்று விடுகின்றது.

வீட்டிற்குத் திரும்பிய பெண் அங்கே சும்மா இருந்தாளா? 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி இங்கிலாந்தில் எடுத்த குடிசன மதிப்புக்கு, குடும்பத் தலைவரே படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. வீட்டு வேலைகளில் மாத்திரம் ஈடுபட்ட மனைவி, மகள் முதலியோருக்குத் தொழில் என்னும் இடத்தில் ஒன்றும் எழுதவேண்டாம் என்று அப்படிவமே விதித்தது. வாக்குரிமை கேட்டு நின்ற பெண்கள் பலர் அன்றிரவு கணக்கில் அகப்படாது வெளியே தங்கினர். எமிலி டேவிசன் என்னும் பெண்மணி பாராளுமன்றக் கட்டடத்திலேயே ஒளிந்திருந்தார். தம்மை மதியாத அரசின் கணக்கில் தாம் ஏன் எண்ணப்படவேண்டும் என்பதே அவர்கள் கேள்வி.

இலங்கையில் முதற் குடிசன மதிப்பு 1871இல் நடைபெற்றது. போரின் காரணமாக, 1981இன் பின் வடபகுதி முழுவதையும் சேர்த்து மக்களை எண்ணியது 2012இலேயே. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வன்னிப் பெண்கள் இடம்பெயர்ந்தும், குடும்பத்தைத் தனித்துத் தாங்கியும் செய்த வேலைகளுக்கு முழுமையான ஏடு இல்லை. நாடு தழுவிய முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய பின்னரே, சமைத்தல், நீரள்ளுதல், பிள்ளை பேணல் முதலியன மணிக்கணக்கில் எண்ணத்தக்கவை என்பது அரசின் ஏட்டில் ஏறியது.

நெடுங்காலம் முடங்கிக் கிடந்த ஆனையிறவு உப்பளம் இன்று மீண்டும் விளைகின்றது; 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கு உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. பொதியிலே உப்பின் நிறை அச்சாகியிருக்கும்; சுமந்தவரின் பெயர் இராது. அதை எழுதுவது ஆலையின் வேலையன்று, நம் வேலை.

மாணவர்களே, பாடசாலைப் படிவங்களில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் உங்களிற் பலர் 'இல்லை' என்று எழுதுகிறீர்கள். அடுத்த முறை எழுதுமுன், விடியற்காலை தொடங்கி இரவு விளக்கணையும் வரை அம்மா செய்தவற்றை ஒரு நாள் மட்டும் மணிவாரியாகக் குறித்துப் பாருங்கள். அத்தாளை அப்பாவிடமும் காட்டுங்கள். பின்னர் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதைக் குடும்பமாக இருந்து தீர்மானியுங்கள்.