கடைசி ஆணியை எண்ணினது யாருங்க?

ஆபீஸ்ல நாள் பூரா ஆணி புடுங்குற கோஷ்டிக்கு ஆணியைப் பத்திப் பேச முழு உரிமை உண்டு. அதனால இந்தப் பதிவு.

"சவப்பெட்டியில் அடிக்கப்பட்ட கடைசி ஆணி". ஆங்கிலத்துலேர்ந்து அப்படியே இறக்குமதி ஆன சொற்றொடர். புது போன் வந்தா பழைய கம்பெனிக்குக் கடைசி ஆணி. ஒரு தேர்தல்ல தோத்தா கட்சிக்குக் கடைசி ஆணி. எழுதுறவங்க ஆணியை எண்ணிப் பார்க்குறதே இல்லை.

இதைச் சொல்றதுக்கு ரெண்டு விஷயம் உண்மையா இருக்கணும். ஒண்ணு, இதுக்கு முன்னாடியே பல ஆணி அடிச்சிருக்கணும். ரெண்டு, இதுக்கப்புறம் ஆள் எழுந்திருக்கவே கூடாது.

நோக்கியாவை எடுத்துக்குங்க. 2007ல ஐபோன் வந்ததுதான் கடைசி ஆணியாம். அட, அதுக்கப்புறமும் 2011 வரைக்கும் உலகத்துலயே அதிக போன் வித்தது நோக்கியாதான்! அது முதல் ஆணின்னு வேணா சொல்லலாம். 2011ல சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸ் போன் பக்கம் போனது இன்னொண்ணு. 2014ல போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போச்சு. சரி, செத்துச்சா? 2017லேர்ந்து அதே பேர்ல மறுபடி ஸ்மார்ட்போன் வித்தாங்க. கம்பெனியும் நெட்வொர்க் கருவி செஞ்சு நல்லாத்தான் இருக்கு.

இதுல என்ன பெரிய தப்புன்னு கேக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைப் பாருங்க. 2006ல தொடங்கி, உச்சத்துல சுமார் 8,000 பேர் வேலை பார்த்த இடம். 2014 நவம்பர் 1ல உற்பத்தி நின்னு போச்சு. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தினதுதான் கடைசி ஆணின்னு எழுதிட்டா கதை சுலபமா முடிஞ்சுரும். ஆனா வரித் தகராறுல ஆலை முடங்கி, மைக்ரோசாஃப்ட் கூட போட்ட ஒப்பந்தத்துலேர்ந்தே வெளியில நின்னது அதுக்கு முன்னாடி. ஸ்மார்ட்போன்ல நோக்கியா கோட்டை விட்டது அதுக்கும் முன்னாடி.

கடைசியா சுத்தியலைப் பிடிச்சவனை மட்டும் காட்டினா, முன்னாடி அடிச்ச அத்தனை பேரும் கையைத் தட்டிட்டு நடையைக் கட்டிடுவாங்க. வேலை போனவனுக்கு யார்கிட்ட நியாயம் கேக்குறதுன்னே தெரியாது.

அடுத்த தடவை இந்த வரியை எழுதுறதுக்கு முன்னாடி முதல் ஆணியை யார் அடிச்சான்னு ஒரு வரி சேர்த்து எழுதுங்க மக்களே. எழுத முடியலையா? அப்ப அது தேவையில்லாத ஆணி. புடுங்கிப் போட்டுருங்க.