கடியைப் படம் காட்டாது

வாய் முழுக்க கேப் போட்டுச் சீரமைத்த பிறகு கடி சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க நல்ல டிஜிட்டல் கேமராவே போதுமாம். கடிக்கவைத்துக் கறை பார்க்கும் கலர் பேப்பரும், தாடை அசைவைப் பல் அச்சுகளில் காட்டும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியும் பழைய காலத்துச் சடங்குகளாம். சக பல் மருத்துவர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். இது தவறு. இதன் விலையைக் கொடுக்கப்போவது நோயாளியின் தாடை.

மேல் கடைவாய்ப்பல்லின் உட்பக்க முகடு, கீழ்ப்பல்லின் நடுப்பள்ளத்தில் போய் உட்காரும். மெல்லும் விசையைத் தாங்கும் முக்கியமான இடம் அது. கன்னத்தை விலக்கிப் பக்கவாட்டில் படமெடுத்தால் வெளிப்பக்க முகடுகள்தான் விழும். சந்திப்பு அவற்றுக்குப் பின்னால் மறைந்துகிடக்கும். மெகாபிக்சலைக் கூட்டி அதை வெளியே கொண்டுவர முடியாது.

தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். 4000 பிக்சல் அகலப் படத்தில் 80 மில்லிமீட்டரை அடக்கினால் ஒரு பிக்சலுக்கு 20 மைக்ரான். லென்ஸின் மங்கலும் எச்சிலின் பளபளப்பும் சேர்ந்தால் அதுவும் நிற்காது. பற்களுக்கிடையே வைத்து நாங்கள் இழுத்துப் பார்க்கும் ஷிம்ஸ்டாக் தகடோ வெறும் 8 மைக்ரான். அது பிடிபடுகிறதா, நழுவுகிறதா என்பது விரலுக்குத் தெரியும்.

அவர் சான்றாக வைப்பது சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை. ஒரு கேப் சற்று உயரமாக இருந்தால் தசைகள் தாடையை முன்னாலோ பக்கவாட்டிலோ நகர்த்தி அந்த இடத்தைத் தவிர்த்துவிடும். அந்த நகர்ந்த நிலையில் எல்லாப் பற்களும் அழகாகப் பொருந்தி நிற்கும். படமும் அழகாக வரும். செராமிக் உடைவதும் காதருகே மூட்டு வலிப்பதும் பிறகுதான். அவர் வெற்றி என்று காட்டும் படத்துக்குள்ளேயே இந்தக் கோளாறு ஒளிந்திருக்கலாம். இதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கேமரா சற்றுச் சாய்ந்தாலே கடித்தளம் சாய்ந்ததாகத் தெரியும் என்பதும் இல்லை.

கலர் பேப்பரின் கறையளவு விசையின் அளவைக் காட்டாது என்கிறார், உண்மை. அதற்காகத்தான் டி-ஸ்கேன் போன்ற அழுத்த உணரிகள் வந்தன. கேமராவோ அந்த விசையை அறவே அளப்பதில்லை. சிரிப்புக்கோடு, நடுக்கோடு, பல்லின் நிறம், லேபுக்குச் சொல்லவேண்டிய வடிவம் ஆகியவற்றுக்குப் படம் அவசியம்; நானும் எடுக்கிறேன். கடிக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

கேப் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிமிர்ந்து உட்காரவைத்து, கலர் பேப்பர் வைத்து, தாடையைப் பக்கவாட்டிலும் அசைக்கச் சொல்லிச் சோதிக்கும்படி கேளுங்கள். அதைச் செய்யாமல் திரையில் படத்தை மட்டும் காட்டினால், வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.