கோடை விடுமுறையும் ஜப்பானியச் சித்திரமும்

2025 மே மாதத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் பூசை முடிந்து சக்ரீஸ்தில் பூசையுடுப்புகளைக் களைந்துகொண்டிருந்தோம். வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். "சாமி, பிள்ளை காலேஜிலிருந்து லீவுக்கு வந்து மூன்று வாரமாகிறது. வந்த நாள் முதல் போர்வைக்குள் செல்லை வைத்துக்கொண்டு ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறான். விடிந்த பிறகுதான் தூங்குகிறான். சோற்றுக்குக் கூப்பிட்டால், 'இந்த எபிசோடு முடியட்டும்' என்கிறான். பத்தொன்பது வயதுப் பையன் பார்க்கிற படமா அது? நீங்கள்தாம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்" என்றார்.

அன்று மாலையே அவனை அறைவீட்டுக்கு அழைத்தோம். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு முடித்தவன். சிறுவயதில் இவ்வாலயத்தில் பீடச்சிறுவனாய் இருந்தவன் எனக் கேள்வி. காலத்தின் அருமையைக் குறித்து அரைமணி நேரம் பேசினோம். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்படி எத்தனை மணி நேரந்தான் பார்க்கிறாய் என்று வினவியதும் கணக்கே சொல்லிவிட்டான். 'ஒன் பீஸ்' என்றொரு தொடர்; 1999 அக்டோபரில் தொடங்கி இன்னும் முடியாதது; 1,100 பகுதிகளைத் தாண்டிவிட்டது. பகுதிக்கு 24 நிமிடம் என்றால் 440 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் பார்த்தால் 55 நாள்களில் முடித்துவிடலாம்; விடுமுறையும் ஏறத்தாழ அவ்வளவே! செமஸ்டர்த் தேர்வுக்கு இவன் இத்தகைய கால அட்டவணை போட்டிருப்பானா என்னும் ஐயம் நமக்கு எழுந்தது.

பிறகு பணிவாகவே கேட்டான்: "ஃபாதர், நீங்கள் அதில் ஒன்றாவது பார்த்திருக்கிறீர்களா?"

இல்லை என்றோம். ஆனால் அன்றிரவு படுக்கையில்தான் நினைவு வந்தது. 1990களின் தொடக்கத்தில், நாம் குருமடத்தில் பயின்றபோது, ஞாயிறுதோறும் தூர்தர்ஷனில் காட்டுச் சிறுவன் மௌக்ளியின் கதை இந்தியில் ஓடியது. மொழி விளங்காவிட்டாலும், தத்துவப் பாடக் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு நாமும் பெஞ்சில் இடம்பிடித்துப் பார்த்தோம். அது 1989-இல் ஜப்பானில் செய்யப்பட்ட தொடர் என்பது அன்று நம்மில் எவருக்கும் தெரியாது.

ஆகவே மறுநாள் அவனையே ஆசிரியனாகக் கொண்டோம். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கையால் வரைந்தால் கட்டுப்படியாகாது. 1963 ஜனவரி முதல் நாள் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்த 'அஸ்ட்ரோ பாய்' தொடரை உருவாக்கியவர் ஒசாமு தெசுகா. மருத்துவம் படித்துவிட்டு ஓவியரானவர். ஒரே சித்திரத்தை மும்முறை படம்பிடித்தால் நொடிக்கு எட்டுச் சித்திரம் போதும் என்பது அவர் கையாண்ட வழி. பேசுகிறவனுக்கு வாய் மட்டும் அசையும். சுற்றியுள்ள கூட்டம் சிலைபோல் நிற்கும். கைப்பணம் போதாமையால் பிறந்த சிக்கனம் நாளடைவில் ஒரு கலைமுறையே ஆயிற்று. அதே தெசுகா பின்னாளில் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியாரோடு சேர்ந்து பழைய ஏற்பாட்டு வரலாறுகளைச் சித்திரத் தொடராக்க முனைந்தார். 1989-இல் அவர் மறைந்தபின் அவருடைய நிறுவனத்தார் அப்பணியை நிறைவேற்றினர். 1997-இல் அது ஜப்பானில் ஒளிபரப்பாயிற்று. இதை அத்தாயிடம் சொன்னபோது அவர் முகம் சற்றுத் தெளிந்தது. மகன் பார்த்துக்கொண்டிருப்பது அதுவன்று என்பதை நாம் சொல்லவில்லை.

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கார்ட்டூன் என்ற பெயரைக் கேட்டுவிட்டு எட்டு வயதுக் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். குருதி தெறிக்கும் சண்டைகளும், நாணத்தக்க காட்சிகளும் கொண்டவை இவற்றுள் உண்டு. இப்பொழுது பல தொடர்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. ஆதலால் விளங்காது என்ற பாதுகாப்பும் போயிற்று.

நான்காம் நாள் அவன் ஒரு படத்தைக் கொண்டுவந்தான். ஜப்பானிய மொழியில் 'கோயெ நோ கதாச்சி', அதாவது குரலின் வடிவம். நவோகோ யமாடா என்னும் பெண்மணி இயக்கி 2016-இல் வெளிவந்தது. ஆறாம் வகுப்பில் செவித்திறனற்ற சிறுமி ஒருத்தி வந்து சேர்கிறாள். இஷிதா என்னும் சிறுவன் அவளைப் பழித்துக் காட்டுகிறான், காதுக்கருவியைப் பிடுங்கி எறிகிறான், வகுப்பே சிரிக்கிறது. அவளோ இரு கைகளையும் கோத்து ஒரு சைகை காட்டுகிறாள், அவனுக்கு விளங்கவில்லை. அவள் பள்ளியைவிட்டுப் போனபின், சேர்ந்து சிரித்தவர்களே பழியனைத்தையும் அவன்மேல் சுமத்தி அவனைத் தள்ளிவைக்கிறார்கள். அதன்பின் அவன் எவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இதைக் காட்ட ஓவியர்கள், அவன் கண்ணுக்குப் படும் ஒவ்வொரு முகத்தின்மீதும் ஒரு பெருக்கல் குறியை ஒட்டிவிடுகிறார்கள். ஆண்டுகள் கழித்து, தன்னால் தாய்க்கு நேர்ந்த பணநட்டத்தைத் தீர்த்துவிட்டு, உயிரையே முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு அப்பெண்ணைத் தேடிப் போகிறான். போகுமுன் சைகைமொழி கற்றிருக்கிறான். அவள் அன்று காட்டிய அதே சைகையைக் காட்டுகிறான். நண்பர் என்பது அதன் பொருள்.

படம் முடிந்தபின்னும் அவன் எழுந்திருக்கவில்லை. "இதை மூன்று முறை பார்த்துவிட்டேன், ஃபாதர்" என்றான்.

விடுதியில் அவன் அறையில் திக்கித் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தானாம். அவனைப்போல் பேசிக் காட்டுவதில் நம் இளைஞனுக்கு நிகர் எவருமில்லை. இரவு உணவுக்குப் பின் அதற்கென்றே கூட்டம் கூடும். இரண்டாம் செமஸ்டர் நடுவில் அம்மாணவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பவேயில்லை. "யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, ஃபாதர். அவன் போன அன்றும் மெஸ்ஸில் சிரித்தோம்" என்றான். (இதை அவன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இக்கட்டுரையே இல்லை. எழுதலாமென இசைந்தவனும் அவனே.)

படத்துச் சிறுவனைப்போல் உனக்கும் விபரீத எண்ணம் உண்டா என்று சுற்றி வளைக்காமல் கேட்டோம். "அப்படி இல்லை, ஃபாதர். காலேஜுக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது. படம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவன் ஞாபகம் வருவதில்லை" என்றான். எட்டு மணி நேரத்துக்குக் காரணம் அப்பொழுதுதான் விளங்கியது. அவனுக்கு நாம் முதல் நாள் செய்த அரைமணிப் பிரசங்கத்தை நினைத்து வெட்கினோம்.

வெட்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. குருமடத்தில் நம்மோடு பயின்ற ஒருவர் ஆங்கிலத்தில் வாசகம் வாசிக்கும்போதெல்லாம் பின்வரிசையில் சிரிப்பு எழும். அவ்வரிசையில் நாமும் இருந்தோம். ஓராண்டில் அவர் போய்விட்டார். தேவ அழைத்தல் இல்லை போலும் என்று அன்று எளிதாகச் சொல்லிக்கொண்டோம்.

என்ன செய்வது என்று இருவரும் கலந்து பேசினோம். திக்கிப் பேசுகிறவருக்குத் தொலைபேசி அழைப்பே ஒரு தண்டனை; ஆதலால் எழுத்தே நல்லது என்றான். சமாதானம் எதுவும் கூறாமல், தான் செய்ததை மட்டும் எழுதி, மன்னிப்புக் கேட்டுக் கைப்பேசியில் அனுப்பினான். ஒன்பது நாள் மறுமொழியில்லை. அந்நாள்களில் அவன் காலையில் தந்தையின் அரிசிக்கடையில் அமர்ந்தான். படம் இரவு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. தாய்க்கு அதுவே பெரிய புதுமை.

ஒருநாள் அவனிடம் கேட்டோம், அப்படத்தை வரைந்தவர்கள் வேறென்ன செய்திருக்கிறார்கள் என்று. சற்று மௌனமாயிருந்துவிட்டுச் சொன்னான். கியோட்டோ அனிமேஷன் என்னும் அந்நிறுவனம் ஓவியர்களுக்குச் சித்திரக் கணக்கில் கூலி கொடுக்காமல் மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததாம். அத்தொழிலில் அஃது அரிது. 2019 ஜூலை 18-ஆம் நாள் ஒருவன் உள்ளே நுழைந்து பெட்ரோலை ஊற்றித் தீயிட்டான். 36 பேர் மாண்டனர். அவர்களுக்காக மறுநாள் பூசையில் வேண்டிக்கொண்டோம்.

பத்தாம் நாள் மறுமொழி வந்தது. இங்கே ஊர்ப்பக்கக் கல்லூரியில் சேரப்போகிறேன், நீ வரவேண்டாம், படித்தேன். அவ்வளவே. 'படித்தேன்' என்றால் மன்னித்தேன் என்றா, ஃபாதர், என்று நம்மைக் கேட்டான். தெரியவில்லை, தம்பி, என்றோம்.

ஜூன் இறுதியில் பெட்டியுடன் விடைபெற வந்தான். விடுதியில் அதே அறையைத்தான் கேட்டிருப்பதாகச் சொன்னான். தொடர் எந்த அளவில் நிற்கிறது என்றோம். 612-ஆம் பகுதியாம். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் மூன்று படங்களின் பெயரை எழுதி நம் மேசைமேல் வைத்தான். முதலாவது, போர்க்காலத்தில் பட்டினியால் வாடும் அண்ணன் தங்கையைப் பற்றி இசாவோ தக்காஹாதா 1988-இல் எடுத்தது. 'மின்மினிகளின் கல்லறை' என்று பொருள் சொன்னான். "இதை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள், ஃபாதர்" என்று எச்சரித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினான்.

சீட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. உபதேசியாரைத் துணைக்கு அழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.